இசைக்குத் தடை போட்ட பள்ளிகள்: குவேக்கர் பள்ளிகளில் இசை நுழைந்த வரலாறு

ஓட்ஸ் கஞ்சி குடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் படம் தெரிந்திருக்கும். அகலமான தொப்பி, வெள்ளை முடி, சிரித்த முகம். 'குவேக்கர்' என்ற அந்தப் பெயர் 1877-இல் அமெரிக்காவில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யப்பட்டது. நேர்மைக்குப் பெயர் போன ஒரு சமயக் கூட்டத்தின் பெயரை வைத்தால் மக்கள் நம்பி வாங்குவார்கள் என்பதுதான் கணக்கு. மற்றபடி அந்தக் கம்பெனிக்கும் உண்மையான குவேக்கர்களுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது! ஆனால் கேட்பரி சாக்லேட்டும், பார்க்லேஸ் வங்கியும், லாயிட்ஸ் வங்கியும் நிஜமாகவே குவேக்கர் குடும்பங்களிலிருந்து வந்தவை.

வியாபாரத்தில் வெற்றி பெற்ற இந்த மக்கள் பள்ளிகளையும் நடத்தினார்கள். நல்ல பள்ளிகள். அந்தக் காலத்திலேயே ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் ஒரே நிறுவனத்தில் படிக்க வைத்த பள்ளிகள். ஆனால் அங்கே ஒன்று மட்டும் இல்லை. பாட்டு இல்லை. பியானோ இல்லை, வயலின் இல்லை, காலைப் பிரார்த்தனையில் ஒரு துதிப்பாடல்கூட இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் இருந்தது. பிறகு அதே பள்ளிகளிலிருந்து இசையமைப்பாளர்களும் பாடகர்களும் வந்தார்கள். இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

யார் இந்தக் குவேக்கர்கள்?

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்தது. அரசர் முதலாம் சார்லஸின் தலை 1649-இல் வெட்டப்பட்டது. எது உண்மையான மதம் என்று ஊருக்கு ஊர் வாதம் நடந்த காலம் அது. அந்த நேரத்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624-1691) என்ற இளைஞர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடவுளின் ஒளி ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இருக்கிறது, அதைக் கேட்க இடையில் பாதிரியார் தேவையில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். அவரைப் பின்பற்றியவர்கள் தங்களை 'நண்பர்கள்' என்று அழைத்துக் கொண்டார்கள். மற்றவர்கள் கேலியாக வைத்த பெயர்தான் 'குவேக்கர்', அதாவது நடுங்குகிறவர்.

அவர்களுடைய வழிபாட்டைப் பார்த்தால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். பீடம் இல்லை, சிலுவை இல்லை, மணி இல்லை, பாடகர் குழு இல்லை. எல்லோரும் ஒரு சாதாரண அறையில் கூடி உட்கார்ந்து மௌனமாக இருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து ஏதாவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்வார்கள். தோன்றாவிட்டால் ஒரு மணி நேரமும் மௌனம்தான்.

இதற்கு அடிப்படை ஒரே ஒரு கொள்கை. மனதில் இல்லாததை வாயால் சொல்லக் கூடாது. நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்தார்கள். சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால் மற்ற நேரத்தில் பேசுவது பொய்யா? என்று கேட்டார்கள். கடையில் பேரம் பேச மறுத்தார்கள். பத்துக்கு விற்க நினைத்துக்கொண்டு பதினைந்து என்று சொல்வதும் பொய்தானே! அதனால் எல்லோருக்கும் ஒரே விலை என்று வைத்தார்கள். சின்னக் குழந்தையைக் கடைக்கு அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கை வந்தது. அவர்களுடைய வியாபாரம் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே அளவுகோலை அவர்கள் பாட்டுக்கும் வைத்தார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

பாட்டும் பொய்யா?

தேவாலயத்தில் ஒரு சங்கீதம் பாடப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். கண்ணீரால் என் படுக்கை நனைகிறது என்று பொருள்படும் ஒரு வரியை நூறு பேர் சேர்ந்து பாடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே அழுதவர்கள்? வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவனும் அதைத்தான் பாடுகிறான். அப்படியானால் அவன் கடவுள் முன்னால் நின்று பொய் சொல்கிறான் என்றார்கள் ஆரம்பகாலக் குவேக்கர்கள். உள்ளம் நிஜமாகவே பொங்கி ஒருவர் தானாகப் பாடினால் அதை அவர்கள் தவறு என்று சொல்லவில்லை. எழுதி வைத்த வரியை, குறித்த நேரத்தில், சம்பளம் வாங்கும் பாடகர்களை வைத்துப் பாடுவதைத்தான் எதிர்த்தார்கள்.

இது ஒரு காரணம். யோசித்துப் பார்த்தால் மதிக்கத்தக்க காரணம்தான்.

ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. மதுக்கடையிலும் திருவிழாவிலும் நாடக மேடையிலும் இசை இருந்தது. ஜார்ஜ் ஃபாக்ஸ் தன் நாட்குறிப்பில், எல்லா வகை இசைக்கும் எதிராகப் பேசத் தான் ஏவப்பட்டதாக எழுதியிருக்கிறார். இசை மனதைக் கடவுளிடமிருந்து இழுத்துப் போகும், நேரத்தை வீணாக்கும் என்பது அவருடைய எண்ணம். வழிபாட்டுப் பாடலுக்கு எதிரான வாதம் இப்படியாக எல்லா இசைக்கும் எதிரான தடையாக விரிந்தது. வீட்டில் தாய் பிடில் வாசிப்பதும் தவறு, பையன் புல்லாங்குழல் ஊதுவதும் தவறு.

இரண்டும் வேறு வேறு காரணங்கள். ஒன்று நேர்மையைப் பற்றியது. மற்றது பயத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்ததால் ஏற்பட்ட விளைவை அடுத்த இருநூறு ஆண்டுப் பிள்ளைகள் அனுபவித்தார்கள்.

வாத்தியங்களை எரித்த இசைக் கலைஞர்

இந்தத் தடை எவ்வளவு தீவிரமாக இருந்தது என்பதற்குச் சாலமன் எக்கிள்ஸ் கதையைச் சொன்னால் போதும். இவர் லண்டனில் பேர் பெற்ற இசை ஆசிரியர். வர்ஜினல் என்ற விசைப்பலகை வாத்தியமும் வயல் என்ற நரம்பு வாத்தியமும் கற்றுக் கொடுத்து நன்றாகச் சம்பாதித்தார். பரம்பரையாக இசைத் தொழில் செய்த குடும்பம். 1660 வாக்கில் குவேக்கர் ஆனார். தன் தொழில் பாவம் என்று அவருக்குப் பட்டது. உடனே வாத்தியங்களை விற்றுவிட்டார்.

ஆனால் மனம் உறுத்தியது. தனக்குப் பாவம் என்றால் வாங்கினவனுக்கும் பாவம்தானே? தன் பாவத்தை இன்னொருவனுக்கு விற்றுப் பணம் வாங்கியது போல் ஆகிவிட்டதே! விற்ற வாத்தியங்களைத் திரும்ப வாங்கினார். லண்டனில் டவர் ஹில் என்ற இடத்துக்கு எடுத்துப் போய், எல்லோர் கண்ணெதிரிலும் தீ வைத்தார். கூடியிருந்தவர்கள் தடுக்கப் பார்த்தபோது காலால் மிதித்து உடைத்தார்.

பின்னர் 1667-இல் இசையைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மூன்று பேர் உரையாடுவது போல எழுதப்பட்டது. ஒருவர் இசை கடவுளின் கொடை என்று சொல்லும் இங்கிலாந்துத் திருச்சபைக்காரர். இன்னொருவர் இசையால் ஒரு தீங்கும் இல்லை என்று சொல்லும் பாப்டிஸ்ட். மூன்றாமவர் முன்பு இசைக் கலைஞராக இருந்து பின்பு குவேக்கர் ஆனவர், அதாவது எக்கிள்ஸ்தான்!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்கிள்ஸ் இசை தெரியாதவர் அல்ல. நன்றாகத் தெரிந்தவர். அதன் வலிமை தெரிந்ததால்தான் அவ்வளவு பயந்தார். அவர் எரித்தது அவருடைய சொந்த வாத்தியங்களை. அது அவருடைய உரிமை. ஆனால் வாத்தியத்தையே தொட்டுப் பார்க்காத குழந்தைகள் மீதும் அதே தடை விழுந்ததுதான் பின்னால் நடந்தது.

ஹாண்டல் உதவிய நிறுவனத்தின் கட்டடத்தில்...

ஜார்ஜ் ஃபாக்ஸ் 1668-லேயே லண்டனுக்கு அருகில் ஆண் பிள்ளைகளுக்கு ஒன்றும் பெண் பிள்ளைகளுக்கு ஒன்றுமாகப் பள்ளிகள் வைக்க ஏற்பாடு செய்தார். உலகத்தில் பயனுள்ள எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது அவர் விருப்பம். பயனுள்ளது என்ற அந்தச் சொல் முக்கியம். எழுத்து, கணக்கு, தொழில், பிற்காலத்தில் தாவரவியல், வானியல் எல்லாம் பயனுள்ளவை. இசை அந்தப் பட்டியலில் வரவில்லை.

குவேக்கர் பள்ளிகளில் புகழ்பெற்றது யார்க்ஷையரில் உள்ள ஆக்வொர்த் பள்ளி. லண்டனில் புகழ்பெற்ற மருத்துவராக இருந்த ஜான் ஃபாதர்கில் என்ற குவேக்கர் முன்னின்று, 1779-இல் இதைத் தொடங்கினார். வசதி குறைந்த குவேக்கர் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகவே இந்தப் பள்ளி. ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று தங்கிப் படித்தார்கள்.

இந்தப் பள்ளிக்காக அவர்கள் புதிதாகக் கட்டடம் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த பெரிய கட்டடத்தை வாங்கினார்கள். அது லண்டனின் அனாதைக் குழந்தைகள் இல்லம் 1757-இல் திறந்த கிளை. 1773-இல் மூடப்பட்டுக் காலியாகக் கிடந்தது. இங்கேதான் வரலாறு ஒரு வேடிக்கை செய்கிறது. அந்த லண்டன் இல்லத்துக்குப் பெரிய உதவி செய்தவர் யார் தெரியுமா? இசை மேதை ஹாண்டல்! 1750 முதல் அந்த இல்லத்தின் சிற்றாலயத்தில் தன்னுடைய 'மெசையா' படைப்பை நடத்திப் பணம் திரட்டிக் கொடுத்தார். ஆலயத்துக்கு ஓர் ஆர்கனும் கொடுத்தார். 1759-இல் இறக்கும்போது 'மெசையா'வின் இசைக்குறிப்புப் பிரதியையும் அந்த இல்லத்துக்கே எழுதி வைத்தார்.

இசையால் பணம் திரட்டிய ஒரு நிறுவனத்தின் கட்டடம், இசையே கூடாது என்ற ஒரு பள்ளியின் கைக்கு வந்தது. அந்தச் சுவர்களுக்குள் அடுத்த நூறு ஆண்டுகள் முந்நூறு பிள்ளைகள் சாப்பிட்டார்கள், படித்தார்கள், விளையாடினார்கள், மௌனமாக வழிபட்டார்கள். பாடவில்லை.

தடைக்குச் சொன்ன காரணங்கள்

தாமஸ் கிளார்க்ஸன் என்பவர் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடியவர்களில் முன்னணியில் நின்றவர். அவர் குவேக்கர் அல்ல. ஆனால் அந்தப் போராட்டத்தில் குவேக்கர்களோடு நெருங்கிப் பழகியதால் அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி 1806-இல் மூன்று தொகுதிகள் கொண்ட ஒரு நூல் எழுதினார். குவேக்கர் பிள்ளைகளுக்கான ஒழுக்கக் கல்வி என்ற பகுதியை அவர் தொடங்குவதே தடைகளின் பட்டியலோடுதான். சூதாட்டம், இசை, நாடகம், நடனம், நாவல், வேட்டை ஆகிய எல்லாமே கூடாதவை.

இசைத் தடைக்கு அவர் விளக்கும் காரணங்களைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். வாத்திய இசை காதுக்கு இன்பம் தருகிறது, ஆனால் மனிதனை நல்லவனாக்குவதில்லை. அதைக் கற்கப் பல ஆண்டுகள் தினமும் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் உடற்பயிற்சியோ உருப்படியான படிப்போ செய்யலாம். இசை தெரிந்தவர்கள் கச்சேரி, கூட்டம் என்று வெளி உலகத்தோடு கலந்துவிடுவார்கள். வாய்ப்பாட்டில் வரும் சொற்கள் பல நேரம் குடியையும் போரையும் வேட்டையையும் புகழ்பவை.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதில் இரண்டாவது காரணம் பழக்கமானதாக இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிடப்படும் மற்றொன்றின் மதிப்பு, அதாவது வாய்ப்புச் செலவு! இசைக்குப் போகும் நேரத்தைச் செலவுப் பக்கம் எழுதினார்கள். ஆனால் வரவுப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று யாரும் யோசிக்கவில்லை. அந்தக் கணக்கில் அதுதான் குறை. எக்கிள்ஸ் காலத்து நேர்மைக் காரணமும் இந்தப் பட்டியலில் பின்னுக்குப் போய்விட்டது.

பாட்டை விட்ட பெண்

விதி என்று காகிதத்தில் இருக்கும்போது அதன் பாரம் தெரியாது. ஒரு மனுஷி மேல் விழும்போதுதான் தெரியும். நார்விச் நகருக்கு அருகில் ஏர்லம் மாளிகையில் வாழ்ந்த கர்னி குடும்பத்தார் வசதியான குவேக்கர்கள். வங்கித் தொழில் செய்தவர்கள். கட்டுப்பாடுகளை அவ்வளவாகக் கண்டுகொள்ளாதவர்கள். அந்த வீட்டுச் சகோதரிகள் வண்ண உடைகள் அணிந்தார்கள், பாடினார்கள், ஆடினார்கள். அவர்களில் ஒருத்தி எலிசபெத்.

1798-இல் அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் சேவரி என்ற குவேக்கர் போதகரின் பேச்சை 17 வயது எலிசபெத் கேட்டாள். மனம் மாறியது. கொஞ்சம் கொஞ்சமாக வண்ண உடையை விட்டாள், நடனத்தை விட்டாள், பாட்டையும் விட்டாள். சகோதரிகளுக்கு அது பெரிய வருத்தம். பின்னாளில் எலிசபெத் ஃப்ரை என்ற பெயரில் லண்டன் நியூகேட் சிறையில் பெண் கைதிகளுக்காகவும் அவர்களுடைய குழந்தைகளுக்காகவும் உழைத்து உலகப் புகழ் பெற்றார். சிறைக்குள் ஒரு பள்ளியையே ஏற்படுத்தினார்.

பாட்டை விட்டதால்தான் அவர் பெரிய சேவை செய்தார் என்று சொல்பவர்கள் உண்டு. பாடிக்கொண்டே அந்தச் சேவையைச் செய்திருக்க முடியாதா? என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் தெளிவானது. எலிசபெத் பாடிப் பார்த்துவிட்டு, தானாக விட்டார். ஆக்வொர்த்தில் படித்த ஏழைக் குவேக்கர் பிள்ளைக்கு விடுவதற்குக்கூட ஒரு பாட்டு கொடுக்கப்படவில்லை.

தலைகளை எண்ணிய தலைமுறை

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் குவேக்கர்கள் ஒரு உண்மையை எதிர்கொள்ள வேண்டி வந்தது. அவர்களுடைய எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பல பத்தாயிரங்களாக இருந்தவர்கள் ஏறத்தாழ 14,000 பேர் என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். ஏன் என்று கண்டுபிடித்து எழுதுபவர்களுக்குப் பரிசு என்று ஒரு கட்டுரைப் போட்டியே நடந்தது. முதல் பரிசு பெற்ற ஜான் ஸ்டீபன்சன் ரவுன்ட்ரியின் கட்டுரை 1859-இல் நூலாக வந்தது. வெளியில் திருமணம் செய்தவர்களை விலக்கியதும், அளவுக்கு மீறிய கட்டுப்பாடுகளும் சங்கத்தைத் தேய வைத்தன என்று அவர் எடுத்துக் காட்டினார்.

அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருமண விதி தளர்ந்தது. சாம்பல் நிற எளிய உடையும் பழைய பேச்சு முறையும் கட்டாயம் இல்லை என்றானது. 1895-இல் மான்செஸ்டரில் நடந்த மாநாட்டில் புதிய அறிவியலையும் புதிய சிந்தனையையும் ஏற்கத் தயார் என்று இளைய தலைமுறை பேசியது.

இன்னொரு பக்கம் பள்ளிகளுக்கும் நெருக்கடி. குவேக்கர்கள் குறைந்தால் குவேக்கர் பிள்ளைகளும் குறைவுதானே! பள்ளிகள் மற்றவர்களுடைய பிள்ளைகளையும் சேர்க்கத் தொடங்கின. அதே காலத்தில் இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளில் பியானோ வந்துவிட்டது. 1870 கல்விச் சட்டத்துக்குப் பிறகு சாதாரணத் தொடக்கப் பள்ளிகளில்கூட 'டானிக் சோல்-ஃபா' என்ற எளிய முறையில், நம் சரிகமபதநி போலவே எழுத்துகளை வைத்து, பாட்டு கற்றுத் தந்தார்கள். அப்படி இருக்கையில் பணம் கட்டிப் படிக்க வைக்கும் பெற்றோர் சும்மா இருப்பார்களா? பாட்டு இல்லாத பள்ளி குறையுள்ள பள்ளியாகத் தெரிய ஆரம்பித்தது.

ஆக, இசை உள்ளே வந்ததற்குக் கொள்கை மாற்றம் மட்டும் காரணம் அல்ல, சந்தையும் காரணம். இதைச் சொல்வதில் தவறில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் குவேக்கர் பள்ளிகளில் பாட்டும் பியானோவும் இடம் பிடித்தன.

பள்ளி உச்சியில் மணிகள்

இந்த மாற்றத்தின் நல்ல அடையாளம் பர்மிங்காம் அருகில் பார்ன்வில் என்ற ஊரில் இருக்கிறது. சாக்லேட் முதலாளி ஜார்ஜ் கேட்பரி தன் தொழிற்சாலையைச் சுற்றி உருவாக்கிய ஊர் அது. அவர் உறுதியான குவேக்கர். பெல்ஜியத்தின் புரூஷ் நகரில் கோபுர மணிகள் இசைக்கப்படுவதைக் கேட்டு மயங்கியவர், 1906-இல் அதே மாதிரி இசை மணிகளைப் பார்ன்வில்லில் வைத்தார். எங்கே வைத்தார் தெரியுமா? ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியின் கோபுரத்தில்! அது குவேக்கர்களுக்கு மட்டுமான பள்ளி அல்ல. ஆனால் கட்டிக் கொடுத்த கை ஒரு குவேக்கரின் கை. தேவாலய மணியே வேண்டாம் என்று சொன்ன மக்களில் ஒருவர் பள்ளியின் தலையில் இசை மணிகளை ஏற்றினார். பிற்காலத்தில் அவை 48 மணிகளாகப் பெருகின.

பார்ன்வில் குவேக்கர் கூட்ட அறையில் ஓர் ஆர்கனும் உண்டு. இங்கிலாந்தில் குவேக்கர் கூட்ட அறையில் ஆர்கன் என்பது அபூர்வம். மற்ற கூட்ட அறைகளில் மௌனமே நீடித்தது. இங்கேதான் இந்த வரலாற்றின் முக்கியமான செய்தி இருக்கிறது. இங்கிலாந்துக் குவேக்கர்களிடம் இசை வழிபாட்டு அறை வழியாக வரவில்லை. வீட்டு வழியாகவும் பள்ளி வழியாகவும்தான் வந்தது. தடை மிகக் கடுமையாக இருந்த இடமே தடை உடைந்த இடமாகவும் ஆனது.

வெளியே வந்த குரல்கள்

தடை நீங்கிய பிறகு இந்தப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களைப் பார்ப்போம்.

கவிஞர் பேஸில் பன்டிங் (1900-1985) ஆக்வொர்த்திலும் பிறகு ரெடிங் நகரின் லெய்டன் பார்க் குவேக்கர் பள்ளியிலும் படித்தவர். 1918-இல் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றார். 1920-களில் லண்டனில் இசை விமர்சகராக வேலை பார்த்தார். கவிதையைக் கண்ணால் படிப்பதைவிடக் காதால் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1966-இல் வெளிவந்த அவருடைய நெடுங்கவிதை 'பிரிக்ஃப்ளாட்ஸ்' ஒரு சொனாட்டாவைப் போல அமைக்கப்பட்டது. அந்தப் பெயர் 1675-இல் கட்டப்பட்ட குவேக்கர் கூட்ட அறை இருக்கும் சிற்றூரின் பெயர். பள்ளித் தோழன் குடும்பத்தின் ஊர் என்பதால் சிறு வயதில் அங்கே போனவர். மௌன வழிபாட்டு அறையின் பெயரில் ஓர் இசைக் கவிதை!

எல்ஃப்ரிடா வைபான்ட் (1902-1992) யார்க் நகரின் மவுன்ட் குவேக்கர் பெண்கள் பள்ளியில் படித்தவர். சில ஆண்டுகள் தொழில்முறைப் பாடகியாக இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது நகரங்களிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்காக லங்காஷையரில் நடந்த குவேக்கர் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக இருந்தார். குவேக்கர் குடும்பத்துப் பெண் ஒருத்தி பாடகியாக வளர்வதை அவர் நாவல்களாக எழுதினார். அவற்றில் ஒன்று 1950-ஆம் ஆண்டுக்கான கார்னகி பதக்கம் பெற்றது. 1959-இல் ஆக்வொர்த் பள்ளியின் வரலாற்றையும் எழுதினார். பாட்டே இல்லாமல் தொடங்கிய பள்ளியின் வரலாற்றை ஒரு பாடகி எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்னி பென்னட் (1936-2012) லெய்டன் பார்க் மாணவர். 1974-இல் வந்த 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' படத்தின் இசை அவருடையது. 1977-இல் '2-4-6-8 மோட்டார்வே' பாடலால் பிரபலமான ராக் பாடகர் டாம் ராபின்சன், சாஃப்ரன் வால்டன் ஊரின் குவேக்கர் பள்ளியில் படித்தவர். 1702-இல் லண்டனில் தொடங்கிய அந்தப் பள்ளி 1879-இல் அந்த ஊருக்கு வந்து, 2017-இல் மூடப்பட்டது.

இவர்களை வளர்த்தது பள்ளிதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இதே நால்வரும் 1800-இல் ஒரு குவேக்கர் பள்ளியில் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்கள்? அந்தக் காலத்திலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களுடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுதப்படாத பாட்டுக்கு வரலாறு கிடையாது.

கடல் கடந்த பிறகு

அமெரிக்காவிலும் கதை இதே மாதிரிதான் தொடங்கியது. 1833-இல் தொடங்கிய ஹேவர்ஃபோர்டும் 1864-இல் தொடங்கிய ஸ்வார்த்மோரும் பென்சில்வேனியாவில் குவேக்கர்கள் நிறுவிய கல்லூரிகள். அங்கேயும் இசை நெடுங்காலம் வெளியிலேயே நின்றது. 1920-களில்தான் ரஷ்யாவில் பிறந்த ஆல்ஃபிரட் ஸ்வான் என்ற இசையமைப்பாளர் இரண்டு கல்லூரிகளிலும் இசை கற்பிக்க ஆரம்பித்தார்.

ஆனால் அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களில் வேறு விதமாக நடந்தது. 1860-களுக்குப் பிறகு அங்கே பரவிய சமய எழுச்சிக் கூட்டங்களின் தாக்கத்தால் பல குவேக்கர் சபைகள் போதகரையும் துதிப்பாடலையும் ஏற்றுக்கொண்டன. அங்கிருந்து போன மிஷனரிகள் 1902-இல் கென்யாவின் காய்மோசியில் பணி தொடங்கிப் பள்ளிகளும் வைத்தார்கள். இன்று உலகில் அதிகமான குவேக்கர்கள் வாழும் நாடு கென்யா. அவர்களுடைய வழிபாட்டில் பாட்டும் பாடகர் குழுவும் நிறைந்திருக்கின்றன. ஒரே ஃபாக்ஸின் பிள்ளைகள்தான். ஒரு நாட்டில் மௌனம், இன்னொரு நாட்டில் பாட்டு.

இங்கிலாந்திலும் மௌனம் பாட்டைத் துரத்தவில்லை. 1978-இல் குவேக்கர் இளைஞர்களுக்காக 'லெவனர்ஸ்' என்ற கலைக்குழு தொடங்கப்பட்டது. அணு ஏவுகணைகளை எதிர்த்து கிரீனம் காமன் விமானத் தளத்தின் வாசலில் பெண்கள் நடத்திய போராட்டத்தைப் பற்றிய இசைப் படைப்பை 1985-இல் மேடையேற்றினார்கள். இசை நல்ல காரியத்துக்கு உதவாது என்ற பழைய வாதத்துக்கு அதுவே பதில்.

முடிவாக...

குவேக்கர் பள்ளிகளில் இன்று இசை அறைகள் உண்டு, இசைக்குழுக்கள் உண்டு. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலானோர் குவேக்கர்கள் அல்ல. ஆனால் எல்லோரும் சேர்ந்து மௌனமாக உட்காரும் வழக்கம் மட்டும் போகவில்லை. அதாவது, முன்னோர் சொன்ன இரண்டு காரணங்களில் ஒன்றை வைத்துக்கொண்டார்கள், ஒன்றை விட்டுவிட்டார்கள். மனதில் இல்லாததைச் சொல்லாதே என்பதை வைத்துக்கொண்டார்கள். இசையைக் கண்டு பயப்படு என்பதை விட்டுவிட்டார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆனது.

கடைசியாக ஒரு செய்தி. இரண்டாம் உலகப் போரில் குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் படையில் பணியாற்றிய சிட்னி கார்ட்டர் என்ற பாடலாசிரியர் 1960-களில் ஒரு பாட்டு எழுதினார். குவேக்கர்களிடையே மிகவும் பிரபலமான பாட்டு அது. அதன் தலைப்பு 'ஜார்ஜ் ஃபாக்ஸ்'. எல்லா இசைக்கும் எதிராகப் பேசிய அதே மனிதரைப் பற்றி அவருடைய பேரப்பிள்ளைகள் வாய்விட்டுப் பாடுகிறார்கள். அவர் கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் மனதார உணர்ந்து பாடுகிறார்கள் என்று தெரிந்தால், தடுக்க அவருக்கே ஒரு காரணமும் கிடைத்திருக்காது.